மேய்ச்சல் இருக்கும் அளவுக்கு ஆடு: மானூர் அண்ணாச்சி பதில்கள்

மானூர் பக்கம் மானாவாரி நிலத்தில் ஆடும் கோழியும் வளர்க்கும் விவசாயி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அண்ணாச்சி, வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். கடன் வாங்கி, பரண் கொட்டகை போட்டு, போயர் என்கிற வெளிநாட்டு இனத்தோடு கலந்த கலப்பின ஆடு 100 விடலாம் என்றிருக்கிறேன். 3 ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. சரியாக வருமா?
– வாசகர், சங்கரன்கோவில்

தம்பி, கொட்டகையை அப்புறம் பார்ப்போம். அந்த 3 ஏக்கரில் ஆடு தின்ன என்ன இருக்கிறது? வளர்ந்த வெள்ளாடு நாளைக்கு 3, 4 கிலோ பசுந்தழை தின்னும். 100 ஆட்டுக்கு 300 கிலோவுக்கு மேல். சித்திரை வெயிலில் அதற்கு எங்கே போவீர்கள்? தீவனத்தை விலைக்கு வாங்கியே வளர்த்தால் லாபமெல்லாம் தீவனக் கடைக்குத்தான் போகும்.

இந்த ஐப்பசி மழைக்கு வரப்பு நெடுக அகத்தி வையுங்கள், வேலிமசால் என்கிற தீவனச் செடியை விதையுங்கள். நிலத்தில் உடைமரம் நின்றால் வெட்டாதீர்கள். கோடையில் புல் காய்ந்த பிறகு அதன் நெத்தை, அதாவது காய்ந்த காயை, வெள்ளாடு விரும்பித் தின்னும்.

இனத்துக்கும் வெளியே போக வேண்டாம். கருப்பு உடம்பு, முகத்திலும் காதிலும் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி. அந்தக் கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. சங்கரன்கோவில், கோவில்பட்டி, சாத்தூர் வெயிலில் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து தேறிய ஆடு இது. இரட்டைக் குட்டியும் போடும். 10 பெட்டை, ஒரு கிடாவோடு ஆரம்பியுங்கள். கிடாவை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், அதற்குப் பிறந்த பெட்டைக் குட்டிகளோடு அதையே சேரவிடக் கூடாது.

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் விற்கலாம். வளர்ப்புக்கு அங்கே வாங்குவது எனக்கு இஷ்டமில்லை. பல ஊர் ஆடுகள் நெருக்கியடித்து நிற்கிற இடம், ஆட்டுக்கொல்லி நோய் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பக்கத்து ஊரில் தாயாட்டைப் பார்த்துக் குட்டி பிடியுங்கள். வந்ததும் 3 வாரம் தனியே கட்டி, கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

பிசான நெல் அறுப்பு முடிந்ததும் ஆட்டு மந்தையை ராத்திரி வயலில் அடைத்துக் கிடை போடுவது எங்கள் வழக்கம். யூரியா இருக்க அது எதற்கு, தண்டச்செலவு என்கிறான் என் மகன். உங்கள் கருத்து?
– வாசகர், சேரன்மகாதேவி

தண்டமே இல்லை ஐயா. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது, மண்ணில் மட்கி நிற்க ஒன்றுமில்லை. கிடையில் புழுக்கையோடு ராத்திரி முழுக்க ஆடு பெய்கிற மூத்திரமும் மண்ணில் இறங்குகிறது. எருவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டினால் அந்த மூத்திரம் கிடைக்காது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். பட்டியைத் தினமும் நகர்த்தச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் படிந்தால் அங்கே மட்டும் நெல் கொழுத்துச் சாய்ந்துவிடும். கிடை கிளம்பிய கையோடு ஒரு உழவு ஓட்டிவிடுங்கள். வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

கிடைக்காரரிடம் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கிவிட்டது, குளத்தங்கரையெல்லாம் சீமைக்கருவேல் அடைத்துக் கிடக்கிறது. வயலோரம் படுத்து, நரிக்கும் நாய்க்கும் காவல் இருக்கிற வேலைக்கு அவர்கள் பிள்ளைகள் வர மறுக்கிறார்கள். அந்த மனிதர்கள் தொழிலை விட்டால் நம் ஊர்ச் செம்மறி இனங்களான செவ்வாடும் கீழக்கரிசலும் அவர்களோடு போய்விடும். எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

பழுப்பு முட்டை எல்லாம் நாட்டுக்கோழி முட்டைதானா?
– வாசகி, பாளையங்கோட்டை

இல்லையம்மா. ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழிகளும் உண்டு. தெருவில் மேய்கிற சிறுவிடை நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டைதான் இடும். பண்ணைக் கோழி 300 வரை இடும். மலிவாக, தட்டுத் தட்டாக நாட்டு முட்டை குவிந்திருந்தால் யோசித்து வாங்குங்கள்.

ஊரில் மேய்ந்த ஆட்டுக்கறி சாப்பிட ஆசை. கிலோ விலை கட்டுப்படியாகவில்லையே?
– வாசகி, திருநெல்வேலி டவுன்

தெருவில் எட்டு வீடு சேர்ந்து ஒரு ஆட்டை முழுசாகப் பேசுங்கள். வளர்த்தவரிடமே நேராக வாங்குவதால் இடையில் யாருக்கும் காசு போகாது. கூறு போட்டுப் பிரிக்கும்போது ஈரல், குடல், ரத்தம் எல்லாருக்கும் வரும். தலையும் காலும் யாருக்கு என்று முன்னாலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் மனஸ்தாபம் வரும். கிடாவாகக் கேளுங்கள், ஈனுகிற பெட்டையை வளர்க்கிறவருக்கு விட்டுவிடுங்கள். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் வந்து கேட்டால் எங்கள் பட்டியிலும் கிடா இருக்காது.