வீட்டில் செய்வதா, கடையில் வாங்குவதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் எங்களுடன் இருக்கிறார்கள். இட்லி மாவு, சாம்பார்ப் பொடி, நெய் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தால்தான் மிச்சம் என்பது மாமியாரின் கருத்து. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடுக்களையிலேயே போய்விடுகிறது. உண்மையில் எதில்தான் மிச்சம்?
(வாசகி, திருப்பூர்)

பதில்: உங்கள் மாமியார் சொல்வது சில பொருள்களுக்கு முழுக்கச் சரி, சிலவற்றுக்குச் சரியில்லை. பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எந்த வேலையிலும் நம் கை ஈடுபடும் நேரம் வேறு, ஊறவும் காயவும் புளிக்கவும் ஆகும் நேரம் வேறு. கை ஈடுபடும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் எத்தனை ரூபாய் மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். 1 கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் ஏறக்குறைய 3 கிலோ மாவு கிடைக்கும். அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து கிலோ 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செலவு 85 ரூபாய். வெந்தயம், உப்பு, மின்சாரம் சேர்த்தாலும் 95 ரூபாயைத் தாண்டாது. அதே 3 கிலோவைப் பாக்கெட்டாக, கிலோ 60 ரூபாய்க்கு வாங்கினால் 180 ரூபாய். (இவை எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட விலைகள், உங்கள் கடை ரசீதில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள்.) கழுவி ஊறவைப்பது, அரைப்பது, கிரைண்டரைக் கழுவுவது எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரக் கைவேலைதான். வாரம் ஒரு முறை அரைத்தால் மாதம் 300 ரூபாய்க்கு மேல் மிஞ்சுகிறது. ஆகவே மாவை வீட்டில் அரைப்பதே நல்லது. அரைத்த மாவு முழுவதையும் புளிக்க வைத்துவிட்டால் வியாழக்கிழமை அது தோசைக்குக்கூட ஆகாத அளவுக்குப் புளித்துப் போகும். இரண்டு நாள் தேவையை மட்டும் வெளியே வைத்துப் புளிக்க விடுங்கள். மீதியை அரைத்த சூட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு எடுத்து வெளியே வையுங்கள். வாரக் கடைசி வரை இட்லி முதல் நாள் இட்லியைப் போலவே வரும்.

சாம்பார்ப் பொடியிலும் நல்ல மிச்சம் உண்டு, ஏனென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் அந்த வேலை. மிளகாயும் மல்லியும் வெயிலில் காய்வதற்கு நம் கை தேவையில்லை. மில்லில் கொடுக்கும்போது, "இதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?" என்று கேட்டு, வேறொருவரின் மிளகாய் அல்லது மசாலா அரைத்த பிறகு உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள், கேழ்வரகு அரைத்த கையோடு போட்டால் பொடியில் மாவு கலந்துவிடும். அரைத்து வரும் பொடி தொட முடியாத சூட்டில் இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் நீர் முத்துமுத்தாகக் கோத்து, இரண்டு வாரத்தில் பொடி கட்டிபிடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வேட்டித் துணியில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே அடைக்க வேண்டும்.

நெய் விஷயத்தில் மட்டும் உங்கள் மாமியாரிடம் ஒரு கணக்கைச் சொல்லிப் பாருங்கள். வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான் கொழுப்பு. ஆகவே 1 கிலோ வெண்ணெயைக் காய்ச்சினால் 800 கிராம் அளவுக்கே நெய் கிடைக்கும். வெண்ணெய் கிலோ 560 ரூபாய் என்றால், வீட்டு நெய்யின் அடக்க விலை கிலோ 700 ரூபாய். கடை நெய் அதைவிட மிகவும் அதிகமாக இருந்தால் காய்ச்சுங்கள், இல்லையென்றால் வாங்கிவிடுங்கள். பாலிலிருந்து ஆடை எடுத்துச் சேர்ப்பதானால் எந்தப் பால் என்பதைப் பார்க்க வேண்டும். சமன்படுத்திய பாலில் 3 விழுக்காடுதான் கொழுப்பு இருப்பதால், மாதம் முழுவதும் சேர்த்தாலும் ஒரு சிறு கிண்ணம் தேறுவதே பெரிது.

கடைசியாக ஒன்று. கடிதத்தில் "நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கிரைண்டரைக் கழுவி வைப்பது அவருடைய வேலையாகவும், பூண்டு உரிப்பது பிள்ளைகளுடைய வேலையாகவும் இருக்கலாம். ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எடுத்துக்கொண்டு சேர்க்கும் பணத்தை நான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: பெரிய பாக்கெட் வாங்கினால் மலிவு என்று எப்போதும் குடும்பப் பாக்கெட்டாகவே வாங்குகிறோம். ஆனாலும் மளிகைச் செலவு குறையவில்லை. எங்கே தவறு செய்கிறோம்?
(வாசகர், மதுரை)

பதில்: பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற எண்ணத்திலேயே தவறு தொடங்குகிறது. உறையில் அதிகபட்ச சில்லறை விலைக்கு அருகில், அளவு அலகுக்கான விலையையும் அச்சிட வேண்டும் என்பது இப்போது விதி. சிறிய எழுத்தில் இருப்பதால் நாம் அதைப் படிப்பதில்லை. 1 கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் அது ஒரு கிராமுக்கு என்றும், 1 கிலோவுக்கு மேற்பட்டதில் ஒரு கிலோவுக்கு என்றும் இருக்கும். அரைக் கிலோ பாக்கெட்டில் கிராமுக்கு 0.24 ரூபாய் என்று இருந்தால் கிலோ 240 ரூபாய் என்று பொருள். பக்கத்தில் இருக்கும் 2 கிலோ பாக்கெட்டில் கிலோ 248 ரூபாய் என்று இருந்தால் சின்னதையே நான்காக எடுத்துக்கொள்ளுங்கள். விலையை மாற்றாமல் எடையை மட்டும் குறைத்திருப்பதும் இந்த எண்ணைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

சோப்பு வாங்கும்போது எடையோடு தரத்தையும் பாருங்கள். உறையின் பின்புறம் டி.எஃப்.எம். என்று ஓர் எண் இருக்கும். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காடு அது. முதல் தரச் சோப்புக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 இருக்க வேண்டும். "பாத்திங் பார்" என்று போட்டிருப்பது வேறு வகை, அதில் இது இன்னும் குறைவாக இருக்கலாம். நான்கு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற கட்டு, தண்ணீர் பட்டதும் குழைந்து பத்து நாளில் தீர்ந்துபோகிறது என்றால் அந்த இலவசத்தால் பயனில்லை.

அடுத்து, உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எது எவ்வளவு தேவை என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் துவரம் பருப்பு மாதம் ஒன்றரைக் கிலோ. அது தெரிந்திருந்தும், தள்ளுபடி என்பதற்காக ஒரு முறை 10 கிலோ வாங்கினேன். நான்காம் மாதம் டப்பாவைத் திறந்தபோது பருப்பெல்லாம் துளை விழுந்து, அடியில் மாவாக உதிர்ந்து, வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் கொட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகு, இரண்டு மாதத்துக்கு மேல் வைக்கப்போகும் பருப்பை ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பின், கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறித்தான் எடுத்து வைக்கிறேன். வண்டு வருவதில்லை.

மொத்தமாக வாங்கி நிச்சயம் லாபம் பார்க்கக்கூடிய பொருள் புளி. மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது ஓராண்டுத் தேவையை வாங்கி, கொட்டையும் நாரும் நீக்கி, கல்லுப்பு தூவிப் பீங்கான் ஜாடியில் அழுத்தி வைத்தால் நிறம்தான் கறுக்குமே தவிர கெடாது. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் ரசீது வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லுங்கள்.

கேள்வி: கடைத் திரவங்களுக்கு ஆகும் செலவைக் குறைக்க நானே சுத்தம் செய்யும் பொருள்களைக் கலந்துகொள்கிறேன். சென்ற வாரம் கழிப்பறைக்குப் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துப் போட்டேன். நெடி தாங்காமல் இருமல் வந்து வெளியே ஓடி வந்துவிட்டேன். அளவு கூடிவிட்டதா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: அளவில் தவறில்லை, கலந்ததே தவறு. இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியாகும். மூடிய கழிப்பறையில் அது நுரையீரலையே புண்ணாக்கிவிடும். பாட்டிலில் விற்கும் கழிப்பறைத் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது அமிலம்தான்; வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலமே. ஒன்றைப் பயன்படுத்தி, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மற்றதை வேறொரு நாள் பயன்படுத்துங்கள். இருமலோ மூச்சு இழுப்போ இன்னும் இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிக்கனத்துக்கு இரண்டே பொருள் போதும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவைச் சோடா: ஒரு வாளிச் சுடுநீரில் இரண்டு கரண்டி கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு அடுப்பு மேடையையும் கழற்றிய எக்ஸாஸ்ட் விசிறியின் இறக்கைகளையும் துடைக்கலாம், ஆனால் அலுமினியத்தில் மட்டும் படக்கூடாது, கறுத்துவிடும். குழாயிலும் வாளியிலும் படியும் உப்புக் கறைக்கு மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் போதும்; அதைப் பளிங்குத் தரையில் படவிடாதீர்கள். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலக்கும்படி பலர் சொல்கிறார்கள். நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்து, மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்பு நீர்தான்.

கேள்வி: எட்டு ஆண்டுப் பழைய குக்கரில் விசில் வருவதில்லை, ஓரத்தில் ஆவி கசிகிறது. எக்சேஞ்ச் சலுகையில் புதியது வாங்கலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: முதலில் கேஸ்கட்டை மாற்றிப் பாருங்கள். ஆவி ஓரத்தில் கசிந்தால் பெரும்பாலும் ரப்பர் தளர்ந்திருக்கும். அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, மூடியின் விளிம்பு வளைந்திருந்தாலோ மட்டும் புதியது வாங்குங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடவேண்டாம். எக்சேஞ்ச் விலையைக் கேட்கும் முன், பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் பக்கத்துக் கடையில் என்ன விலை என்று கேளுங்கள். பல நேரங்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். கேஸ்கட்டும் பாதுகாப்பு வால்வும் அந்தந்த நிறுவனத்தினுடையதாகவே இருக்க வேண்டும் என்பதால், கடைக்குப் போகும்போது குக்கரின் மூடியையும் கையோடு எடுத்துச் சென்று, அங்கேயே பொருத்திப் பார்த்து, ரசீதுடன் வாங்கி வாருங்கள்.