நீளமான நேர்ப்பாதை வைத்தால் மட்டும் டிராக் நன்றாகிவிடுமா?

கேள்வி: சிமுலேட்டர் கேமுக்காக ஒரு ரேஸ் டிராக் வடிவமைக்கிறேன். ஓட்டுகிறவர்களுக்குப் பிடிக்க எதைக் கவனிக்க வேண்டும்? இரண்டு நீளமான நேர்ப்பாதைகள் வைத்தால் போதுமா?

போதாது. நான் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த இரண்டு நேர்ப்பாதைகளையும் நீங்கள் ஏற்கெனவே வரைந்து முடித்திருப்பீர்கள். எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறோம். இரண்டு கோடு இழுத்து, முனைகளில் ஆளுக்கொரு ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு) போட்டு, மிச்சம் இருக்கிற இடத்தில் கொஞ்சம் நெளிவு சுளிவு. வரைபடமாகப் பார்த்தால் அசல் ஃபார்முலா 1 டிராக் மாதிரியே இருக்கும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறியாளர் இல்லை. நிஜ டிராக் எதிலும் வேலை பார்த்ததில்லை. ஆறு வருடமாக வேலை முடிந்த பிறகு சிமுலேட்டருக்கு டிராக் செய்கிறவன், அவ்வளவுதான். "கேம் விளையாடுகிற ஆள் டிசைன் பேச வந்துவிட்டார்" என்று எழுதக் காத்திருப்பவர்கள், கேட்டவரும் கேமுக்குத்தான் கேட்கிறார் என்பதை ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.

என் முதல் பெரிய டிராக் 5.4 கிலோமீட்டர், 19 வளைவுகள், நான்கு மாத உழைப்பு. எனக்குப் பிடித்த வளைவுகளை எல்லாம் உலகம் முழுவதிலிருந்தும் எடுத்து வரிசையாக அடுக்கினேன். ஸ்பாவின் ஓ ரூஜ் ஏற்றம். லகூனா செக்காவின் கார்க்ஸ்க்ரூ, அதாவது சுமார் 137 மீட்டர் தூரத்துக்குள் 18 மீட்டர் கீழே விழுகிற அந்த இடது-வலது. சுசுகாவின் எஸ் வளைவுகள். இஸ்தான்புல்லின் எட்டாவது வளைவு, நான்கு ஏபெக்ஸ் (கார் வளைவின் உள் ஓரத்தைத் தொடுகிற புள்ளி) கொண்ட நீண்ட இடது திருப்பம். அதிலிருந்து வெளியே வந்ததும் 1.6 கிலோமீட்டர் நேர்ப்பாதை. இதைவிட என்ன வேண்டும்?

நண்பர்கள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு 20 சுற்றுப் பந்தயம் வைத்தேன். ஒன்பதாவது சுற்றுக்குள் ஐந்து பேர் காணாமல் போனார்கள். கேட்டால் நெட் போய்விட்டதாம். ஐந்து பேருக்கும் ஒரே நேரத்திலா? கடைசிவரை இருந்தவர்களும் ரயில் பெட்டிகள் மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் இரவில் போன் செய்து உண்மையைச் சொன்னான். "தனியா ஓட்டினா நல்லாத்தான்டா இருக்கு. இன்னொருத்தன் பின்னாடி போனா ஒண்ணுமே பண்ண முடியல."

கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனால் அவன் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. தனியாக ஓட்டுகிற இன்பம் வேறு, இன்னொரு காரோடு போட்டி போடுகிற இன்பம் வேறு. மொனாக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 3.337 கிலோமீட்டர், இரு பக்கமும் தடுப்பு. தனியாக ஓட்டி நேரம் பதிக்கிற தகுதிச் சுற்றில் அதைப்போல மூச்சைப் பிடிக்க வைக்கிற இடம் கிடையாது. அதே இடத்தில் 2024 பந்தயத்தில் முதல் பத்து பேரும் எந்த வரிசையில் கிளம்பினார்களோ அதே வரிசையில் வந்து முடித்தார்கள். உங்கள் டிராக்கில் எந்த இன்பம் வேண்டும் என்பதை வரைவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் வேலை இரண்டு மடங்கு.

ஒரு வாரம் ரீப்ளேயைப் பார்த்தேன். என் 1.6 கிலோமீட்டர் ஏன் வீணானது என்று அப்போதுதான் புரிந்தது. முன்னால் போகிற கார் காற்றைக் கலக்கிவிட்டுப் போகும். அந்தக் கலங்கிய காற்றில் பின்னால் வருகிற காரின் டவுன்ஃபோர்ஸ், அதாவது காற்று காரைத் தரையோடு அழுத்துகிற விசை, இறங்கிவிடும். 2022இல் ஃபார்முலா 1 விதிகளை மாற்றியபோது அவர்களே வெளியிட்ட கணக்குப்படி, பழைய கார்கள் 20 மீட்டர் பின்னால் வந்தால் 35 சதவீதமும், 10 மீட்டரில் 46 சதவீதமும் இழந்தன. மெதுவான ஹேர்பினில் இந்த இழப்பு பெரிதாக உறைக்காது, அங்கே டயரின் பிடிதான் பேசும். வேகமான நீண்ட வளைவில் கார் வெளியே வழுக்கும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தே ஆக வேண்டும். நானோ நேர்ப்பாதைக்கு முன்னால் சரியாக அந்த மாதிரி வளைவைத்தான் வைத்திருந்தேன். பின்னால் வருகிறவன் வளைவு முடியும்போதே 30 மீட்டர் விட்டுக்கொடுத்திருப்பான். ஸ்லிப்ஸ்ட்ரீம், அதாவது முன்னால் போகிற காரின் மறைவில் காற்றுத்தடை குறைவதால் கிடைக்கிற வேகம், அதில் பாதியை மீட்டுத் தருவதற்குள் பிரேக் போடும் இடம் வந்துவிடும். நிஜ இஸ்தான்புல்லில் எட்டாவது வளைவுக்கும் பின்பக்க நேர்ப்பாதைக்கும் நடுவே வேகத்தைக் குறைக்கிற திருப்பம் ஒன்று இருக்கிறது. அழகாக இல்லை என்று நான்தான் அதை வெட்டி எறிந்திருந்தேன்.

நேர்ப்பாதை மட்டும் போதும் என்றால் 2010 அபுதாபி பந்தயத்தின் கதையே வேறு மாதிரி இருந்திருக்கும். அங்கே 1.2 கிலோமீட்டர் நேர்ப்பாதை இருக்கிறது. இருந்தும் பட்டத்துக்கான புள்ளிகளில் முன்னிலையில் வந்த அலோன்சோ ஏறக்குறைய 40 சுற்று பெட்ரோவின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டி சாம்பியன் பட்டத்தை செபாஸ்டியன் வெட்டலிடம் விட்டார். பெட்ரோவின் ரெனோ நேர்ப்பாதையில் வேகமான கார் என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நேர்ப்பாதைக்குள் நுழைகிற ஹேர்பினுக்கு முன்னால் ஒரு சிகேன் (வேகத்தைக் குறைக்க வைக்கிற இடது-வலது நெளிவு) இருந்தது, அதில் கார்கள் ஒவ்வொன்றாக வடிகட்டி வெளியே வந்தன. 2021இல் அந்த சிகேனை எடுத்துவிட்டு ஹேர்பினை அகலப்படுத்தினார்கள். நேர்ப்பாதையில் கை வைக்கவில்லை, அதன் வாசலைத்தான் மாற்றினார்கள்.

என் இரண்டாவது தவறு இன்னும் மோசம். ஒவ்வொரு பிரபல வளைவுக்கும் இடையில் "கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று 200, 300 மீட்டர் நேர்ப்பாதை கொடுத்திருந்தேன். அருங்காட்சியகத்தில் ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் இடைவெளி விடுவது மாதிரி. விளைவு, ஒரு வளைவில் செய்த தப்பு அடுத்த வளைவு வருவதற்குள் மறந்துபோகும். சுசுகாவின் எஸ் வளைவுகள் ஏன் இனிக்கின்றன? ஹூகன்ஹோல்ட்ஸ் வடிவமைத்து 1962இல் திறந்த அந்த டிராக்கில், முதல் திருப்பத்தில் ஆசைப்பட்டுக் கொஞ்சம் வேகமாகப் போனால் இரண்டாவதற்குத் தப்பான பக்கத்தில் வந்து நிற்பீர்கள். மூன்றாவதில் இன்னும் தள்ளிப்போவீர்கள். வாங்கிய கடனை வட்டியோடு கட்டி முடிக்க ஏற்றத்தின் உச்சி வரை ஆகும். நான் அதிலிருந்து இரண்டு நெளிவை மட்டும் எடுத்து வைத்துவிட்டு சுசுகா என்று பெயர் சூட்டியிருந்தேன்.

இனி நான் பெருமையாகவும் வெட்கமாகவும் சொல்கிற பகுதி. அந்த டிராக்கில் எல்லோருக்கும் பிடித்த வளைவு ஒன்றே ஒன்று இருந்தது. பதினான்காவது. அது நான் யோசித்து வைத்ததே இல்லை.

டிராக்கின் இரண்டு முனைகளும் ஒன்று சேரவில்லை. சுமார் 200 மீட்டர் இடைவெளி, உயரத்திலும் வித்தியாசம். பந்தயத்துக்கு முந்தைய இரவு, மணி ஒன்றரை. எப்படியோ இணைத்தாக வேண்டும் என்று மேட்டில் ஏறுகிற ஒரு வலது ஹேர்பினைத் திணித்தேன். நுழைகிற இடத்தில் அகலம் 18 மீட்டர், வெளியேறுகிற இடத்தில் 12. அது முடிந்த கையோடு ஒரு சின்ன இடது வளைவு, ஏனென்றால் கோடு அங்கேதான் போய் முட்டியது. பார்க்கவே சகிக்காது. பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ரீப்ளேயில் சண்டை எல்லாம் அங்கேதான் நடந்திருந்தது. முன்னால் போகிறவன் இடத்தைக் காக்க உள்பக்கம் ஒதுங்குவான். உள்பக்கம் போனால் திருப்பம் இறுக்கம், வெளியேறும்போது வேகம் இருக்காது. வெளிப்பக்கம் அகலமாகச் சுற்றி வந்தவன் சீக்கிரமே ஆக்ஸிலரேட்டரை மிதித்து அடுத்த இடது வளைவுக்கு உள்பக்கத்தில் வந்து நிற்பான். முதல் வளைவில் தோற்றவனுக்கு இரண்டாவதில் பதில் சொல்ல வாய்ப்பு. ஏற்றத்தில் பிரேக் போடுவதால் கார் நிலையாக நின்றது, பயமில்லாமல் கடைசி நொடி வரை பிரேக்கைத் தள்ளிப்போட்டார்கள். பிற்பாடுதான் கவனித்தேன், 2012இல் திறந்த அமெரிக்காவின் ஆஸ்டின் டிராக்கின் முதல் வளைவு இதையே வேண்டுமென்றே செய்கிறது. சுமார் 40 மீட்டர் ஏற்றம், உச்சியில் பரந்து விரிகிற இடது ஹேர்பின், ஒரே நேரத்தில் மூன்று கார்கள் மூன்று லைனில் நுழையலாம். (அதை வடிவமைத்ததில் டில்கே என்ற டிராக் வடிவமைப்பு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. டில்கே என்றாலே சலிப்பு என்று திட்டுகிறவர்கள் இதையும் அவர்களே வடிவமைத்த இஸ்தான்புல்லையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.) நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட் டிராக்கின் மூன்றாவது வளைவில் அதே காரியத்தைச் சாய்வை வைத்துச் சாதித்தார்கள். உள்பக்கம் சாய்வு குறைவு, வெளியே போகப் போகக் கூடி 19 டிகிரி வரை. வெளி லைன் தூரம் அதிகம், ஆனால் வேகமும் அதிகம். எந்த லைன் சரி என்று ஓட்டுகிறவன்தான் தீர்மானிக்க வேண்டும்.

பிறகு என் டிராக்கில் ஆறு வளைவுகளை அழித்தேன். கார்க்ஸ்க்ரூவை அழிக்க மட்டும் மூன்று நாள் மனசு வரவில்லை. நேர்ப்பாதையை 900 மீட்டராகச் சுருக்கி அதற்கு முன்னால் மெதுவான வளைவு ஒன்று வைத்தேன். அடுத்த பந்தயத்தில் யாருக்கும் நெட் போகவில்லை.

கெர்புக்கு (டிராக்கின் ஓரக்கல்) வெளியே என்ன வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். தார் போட்டுவிட்டால் எல்லோரும் கோட்டைத் தாண்டுவார்கள். 2023 ஆஸ்திரிய பந்தயத்தில் கோடு தாண்டியதாக 1200க்கு மேல் புகார்கள் வந்து, பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்துத்தான் முடிவே உறுதியானது. மறு வருடம் கடைசி இரண்டு வளைவுகளில் கெர்பை ஒட்டி ஒரு பட்டைக்கு ஜல்லி போட்டார்கள், தொல்லை அடங்கியது. கேமில் செய்வது இன்னும் சுலபம்.

அப்புறம் ஒரு விஷயம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்தத் திருத்திய டிராக்கை ஒரு தளத்தில் இலவசமாக ஏற்றினேன். எட்டு மாதம் கழித்து அதே டிராக் கெர்பின் நிறம் மட்டும் மாறி வேறொருவர் பெயரில் வந்தது. விளக்கத்தில் "மிகக் கவனமாகத் திட்டமிடப்பட்ட ஏற்ற ஹேர்பின்" என்று வேறு எழுதியிருந்தார். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் திட்டமிட்டது! தளத்துக்குப் புகார் எழுதினேன். வடிவம் ஒத்திருப்பது ஆதாரம் ஆகாது என்று பதில் வந்தது. அந்த ஹேர்பினின் தாருக்கு மூன்று மீட்டர் அடியில் நான் அழிக்க மறந்த மரம் ஒன்று புதைந்து கிடக்கிறது. அவருடைய ஃபைலிலும் அதே மரம் அதே இடத்தில் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. இதையும் பொறாமை என்பார்கள், சொல்லட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வரைந்ததை இப்போதே அழிக்க வேண்டாம். இரண்டு நேர்ப்பாதைகளுக்கும் முன்னால் என்ன வளைவு இருக்கிறது என்று பாருங்கள். வேகமான வளைவாக இருந்தால் மெதுவாக்குங்கள். நுழைவை அகலப்படுத்துங்கள், வெளியேறியதும் எதிர்ப்பக்கம் ஒரு திருப்பம் கொடுங்கள். அழகுபடுத்துவதற்கு முன்பே, மரம் மட்டை எதுவும் இல்லாத வெறும் தாரில், குறைந்தது நான்கு பேரை வைத்து ஓட்டிப் பாருங்கள். தனியாக ஓட்டி முடிவு செய்யாதீர்கள், நான் ஏமாந்தது அங்கேதான். வெளியிடுவதற்கு முன்னால் தாருக்கு அடியில் எங்காவது ஒரு மரத்தை நட்டு வையுங்கள்.