ஸ்டியரிங்கில் கீச்சுச் சத்தம்: 28,000 ரூபாய் செலவு அவசியமா?

கேள்வி: என்னுடையது ஏழு ஆண்டுகள் ஓடிய சிறிய கார், எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கீச்சென்று சத்தம் வருகிறது. மழை நாட்களில் அவ்வளவாக இல்லை. ஓட்டுவதில் வேறு குறை எதுவும் தெரியவில்லை. சர்வீஸ் சென்டரில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் அசெம்பிளி முழுவதையும் மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். வெயிலில் கூடுகிறது, மழையில் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். ரப்பரோ பிளாஸ்டிக்கோ உலர்ந்துபோய் உரசினால்தான் பெரும்பாலும் இப்படி நடக்கும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது.

சமதரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவியுங்கள். பவர் உதவி இல்லாததால் திருப்பக் கனமாக இருக்கும். கால் சுற்று இப்படியும் அப்படியும் அசைத்தால் போதும். வீட்டில் ஒருவர் அசைக்க, நீங்கள் குனிந்து காதை வையுங்கள். முதலில் ஸ்டியரிங்கின் பின்புறம், பிறகு பெடல்களுக்கு மேலே, கடைசியாக பானெட்டைத் திறந்து இன்ஜின் பக்கம்.

ஸ்டியரிங்கின் பின்புறத்திலேயே சத்தம் கேட்டால், அங்குள்ள பிளாஸ்டிக் உறையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்பச் சொல்லுங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ உறைதான் உரசுகிறது. திருகைத் தளர்த்தி, சரியாகப் பொருத்தினால் தீர்ந்துவிடும். உறையை அழுத்தியும் மாற்றமில்லை, காகிதம் உரசுவது போலச் சரசரக்கிறது என்றால் கிளாக் ஸ்பிரிங் மேல் சந்தேகம் வரும். ஏர்பேக், ஹார்ன், ஸ்டியரிங் மேலுள்ள பட்டன்கள் ஆகியவற்றின் இணைப்பைக் கொண்டுசெல்லும் பட்டை கேபிள் அது. ஸ்டியரிங் திரும்பத் திரும்ப, ஓர் உறைக்குள் சுருண்டும் விரிந்தும் கொடுக்கும். இதை வீட்டில் கழற்றவே கழற்றாதீர்கள். ஏர்பேக் எதிர்பாராமல் வெடித்தால் முகமும் கையும் போய்விடும். பயிற்சி பெற்றவர் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, சில நிமிடங்கள் காத்திருந்துதான் தொட வேண்டும். ஹார்ன் விட்டுவிட்டு அடிப்பது, டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிவது ஆகியவை இருந்தால், கிளாக் ஸ்பிரிங் பழுதாகிவிட்டது என்று எண்ண இடமுண்டு. தள்ளிப்போடாதீர்கள், விபத்தில் ஏர்பேக் விரியாமலே போகலாம்.

உங்கள் காரில் நான் அதிகம் சந்தேகப்படுவது பெடல்களுக்கு மேலே உள்ள ரப்பர் உறையைத்தான். ஸ்டியரிங் தண்டு காருக்குள்ளிருந்து இன்ஜின் பக்கம் இறங்கும் துளையை அது மூடியிருக்கும். வெப்பத்திலும் தூசியிலும் உலர்ந்துவிட்டால், தண்டு திரும்பும்போதெல்லாம் கீச்சிடும். துணியால் தூசியைத் துடைத்து, ரப்பரும் தண்டும் தொடுகிற விளிம்பில் சிலிக்கான் கிரீஸை மெல்லிதாகத் தடவச் சொல்லுங்கள். இன்ஜின் ஆயில் வேண்டாம். சில நாள் சத்தம் அடங்கினாலும் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். முடிந்ததும் பிரேக் பெடலை நன்றாகத் துடைத்துவிடுங்கள். அதில் ஒரு துளி கிரீஸ் இருந்தாலும் கால் வழுக்கும்.

இன்ஜின் பக்கத்திலிருந்து சத்தம் வந்தால், மெக்கானிக்கிடம் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங்கையும் (முன்சக்கர சஸ்பென்ஷனின் மேல்முனையில் இருப்பது) பால் ஜாயின்ட்டையும் (சக்கரப் பகுதி திரும்ப உதவும் உருண்டை மூட்டு) பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் இறுகினாலோ, தளர்ந்து ஆடினாலோ, திருப்பியபின் தானாக நேராகாவிட்டாலோ அன்றே காட்டிவிட வேண்டும்.

சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போகும்போது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் முன்னிலையில் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் அசெம்பிளியை மாற்றச் சொல்வது நியாயமே இல்லை. எந்தப் பாகம், என்ன விலை, கூலி எவ்வளவு, வாரன்டி எத்தனை மாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பணம் கட்டியும் அதே சத்தம் தொடர்ந்து, அவர்கள் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் போனால் எல்லாமே கடினம். வரி மிச்சம் என்று ஆசை காட்டினாலும் பில் இல்லாமல் வேலை செய்ய விடாதீர்கள்.

கேள்வி: வாங்க நினைக்கும் பழைய காரில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பினால் இன்ஜின் பக்கம் வீலென்று அலறுகிறது. ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். வாங்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: பவர் ஸ்டியரிங் பம்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்து வழுக்கினால் இப்படி அலறும். அது சிறிய செலவு. ஆனால் பவர் ஸ்டியரிங் ஆயில் குறைந்திருக்கிறதா, பம்பிலோ குழாய்களிலோ கசிவின் ஈரம் தெரிகிறதா என்று உங்கள் மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். கசிவு இருந்தால், அதைச் சரிசெய்யும் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கார் தேடுவதே நல்லது.