சின்ன ஆடிட்டர் ஆபீஸ் இனி எப்படி ஓடும்? கேளுங்க, சொல்றேன்

ஈரோடு, திருப்பூர் பக்கத்து பார்ட்டிகளை (எங்ககிட்ட கணக்கு பாக்கக் குடுக்குற வியாபாரிங்களை) வச்சு சின்னதா ஒரு ஆடிட்டர் ஆபீஸ் நடத்துறேன். நம்ம தொழில் எங்க போகுதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒவ்வொண்ணா சொல்றேன்.

சார், 2017ல ஜிஎஸ்டி வந்தப்போ வேலை வந்து கொட்டுச்சு. இப்ப யாரு கம்மியா கேக்குறாங்களோ அங்க போயிடுறாங்க. எங்கள மாதிரி ரெண்டு பேர் ஆபீஸ் எப்படி தாக்குப்பிடிக்கும்? (சேலம்)

கையெழுத்துக்காக வந்த வேலை திரும்பி வராதுங்க, அத முதல்ல மனசுல போட்டுக்கோங்க. வியாபாரத்துக்கு டேக்ஸ் ஆடிட் (இன்கம்டேக்ஸுக்காக சிஏ கணக்கைப் பாத்து கையெழுத்துப் போடுறது) லிமிட், அதாவது வருஷ விற்பனை, 1 கோடியா இருந்துச்சு, அப்புறம் 5 கோடி, 2020-21ல இருந்து ரொக்க வரவும் ரொக்கச் செலவும் 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 10 கோடி. அதே வருஷத்துல இருந்து ஜிஎஸ்டி 9சி-யையும் (வருஷக் கணக்கையும் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் ஒத்துப் பாத்துக் குடுக்குற படிவம்) பார்ட்டியே சர்டிஃபை பண்ணிக்கலாம்னுட்டாங்க. ஆனா மறுபக்கம் பாருங்க, இ-இன்வாய்ஸ் (பில்லை அரசாங்க போர்ட்டல்ல பதிவு பண்றது) 2020 அக்டோபர்ல 500 கோடிக்கு மேல இருந்த கம்பெனிகளுக்குத்தான் வந்துச்சு, 2023 ஆகஸ்ட்ல 5 கோடியைத் தாண்டினாலே போடணும்னு ஆயிடுச்சு. அதாவது 6 கோடி பண்ற ஒரு தறிக்காரருக்கு பேங்க் வழியாவே எல்லாம் நடந்தா பெரும்பாலும் டேக்ஸ் ஆடிட் இல்ல, ஆனா இன்னொரு வியாபாரிக்கு அவர் போடுற ஒவ்வொரு பில்லும் உடனே போர்ட்டலுக்குப் போகுது. முன்னாடி தப்பு நடந்தா செப்டம்பர்ல ஆடிட் பண்ணும்போது கண்டுபிடிப்போம், இப்ப பில் போடும்போதே பிடிக்கணும். அந்த இடத்துல அவர் கூட நிக்கிற ஆபீஸுக்கு வேலை இருக்கு.

ஏஐ எல்லாத்தையும் செஞ்சிடும்னு சொல்றாங்களே அண்ணா, பயமா இருக்கு.

என்ட்ரி போடுற வேலை போகும், போய்க்கிட்டே இருக்கு, பேங்க் ஸ்டேட்மெண்ட்டை அப்படியே டாலி கணக்கு சாஃப்ட்வேருக்குள்ள இழுத்துக்கலாம். ஆனா ஒரு பனியன் கம்பெனிய எடுத்துக்கோங்க. 20ஆம் தேதி 3பி (மாச ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடணும், சாயப்பட்டறைக்காரர் பில்லு 2பி-ல (சப்ளையருங்க ஏத்துன பில்லெல்லாம் காட்டுற ஜிஎஸ்டி பட்டியல்) வரல, 2022 ஜனவரில இருந்து 2பி-ல வராத பில்லுக்கு இன்புட் எடுக்க (அதுல குடுத்த வரிய நம்ம வரியில கழிச்சுக்க) முடியாது. சாஃப்ட்வேர் சிவப்புக் கலர்ல காட்டிட்டு நின்னுக்கும். அவரு மூணு மாசத்துக்கு ஒருதடவை ரிட்டர்ன் போடுறவரா, அப்ப நடுவுல ஐஎஃப்எஃப்-ல (அவங்க நடு மாசத்துலயும் பில்லை மட்டும் ஏத்துற வசதி) பில்லை ஏத்தச் சொன்னா போதுமா, இல்ல ஜிஎஸ்டி நம்பரே கேன்சல் ஆயிடுச்சா, வரிய மட்டும் நிறுத்தி வச்சிட்டு கூலிய குடுக்கலாமா, குடுக்கலன்னா அடுத்த லாட் துணிய அவர் ஓட்டித் தருவாரா? இது கணக்கும் தெரிஞ்சு அந்த ரெண்டு பேரையும் தெரிஞ்ச ஆள் எடுக்க வேண்டிய முடிவுங்க. இதுக்குத்தான் நம்மள கூப்பிடணும், இதுக்குத்தான் நாம காசு கேக்கணும்.

ஃபேஸ்லெஸ் (ஆபீசரை நேர்ல பாக்காம ஆன்லைன்லயே நடக்குற வரி விசாரணை) வந்த பிறகு எங்க சீனியருக்கு இன்கம்டேக்ஸ் ஆபீஸ்ல இருந்த பழக்கம் எல்லாம் வீணாப் போச்சுன்னு வருத்தப்படுறாரு.

பழக்கம் போச்சு, திறமை எங்கயும் போகல. 2020ல இருந்து அசெஸ்மெண்ட்ல உங்க ஆபீசர் யாருன்னே தெரியாது, எழுதி அனுப்புறதுதான் பேச்சு. முன்னாடி நேர்ல விளக்கிடலாம், இப்ப ஊரே தெரியாத ஒருத்தருக்கு, விதைப்புக்கு முன்னாடி உர மண்டியில சரக்கு ஏன் குவியுதுன்னு நாலு பாராவுல புரிய வைக்கணும், அதுக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் பக்கத்தை சேர்த்து அனுப்பணும். உங்க சீனியருக்கு விஷயம் தெரியும், உங்களுக்கு டிராஃப்டிங் வரும்னா ரெண்டு பேரும் சேர்ந்து உக்காருங்க. இன்னொண்ணு, இதனால கரூர் பார்ட்டிக்கு நீங்க சேலத்துல இருந்தே பண்ணலாம், சென்னை ஆபீஸும் உங்க பார்ட்டிக்கு பண்ணலாம்.

ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ படிக்கிறவங்க ஆபீஸ்ல எடுக்குற பயிற்சி) 3 வருஷத்துல இருந்து 2 ஆயிடுச்சு. சின்ன ஆபீஸ்ல சேர்ந்தா ஏதாவது கத்துக்க முடியுமா சார்?

முடியும், ஆனா சேர்றதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, பார்ட்டி இடத்துக்கு கூட்டிட்டுப் போவீங்களான்னு. இல்லன்னா வேற இடம் பாருங்க. ஆபீஸ் நடத்துறவங்களுக்கும் சொல்றேன், முதல் வருஷம் முழுக்க சலான் கட்டவும் ஃபைல் தூக்கவும் விட்டீங்கன்னா மிச்சம் இருக்கிறதே ஒரு வருஷம்தான், அந்தப் பிள்ளைங்களுக்கு அது பெரிய அநியாயம்.

ஃபீஸ் எப்படி வாங்குறது? ரிட்டர்னுக்கு இவ்ளோன்னு வாங்கியே பழகிட்டோம்.

மாசத்துக்கு இவ்ளோன்னு பேசுங்க, அதுல என்னென்ன சேரும்னு பேப்பர்ல எழுதிக் குடுங்க. நோட்டீஸ் பதில் தனி. பழைய பார்ட்டிக்கு ஏப்ரல்ல சொல்லுங்க, நடு வருஷத்துல சொன்னா கசப்பு வரும். சில பேர் போயிடுவாங்க, போகட்டும்.

நான் பி.காம் முடிச்சுட்டு பல வருஷமா ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல டாலி பாக்குறேன். சிஏ எல்லாம் படிக்கல. இனிமே எனக்கு வேலை இருக்குமா சார்?

இருக்கும்மா. உங்க பார்ட்டிங்க லெட்ஜர் உங்களுக்குத்தான் அத்துப்படி, எந்த சப்ளையர் லேட்டா ரிட்டர்ன் போடுவாருன்னு ஆடிட்டரை விட உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வேலை சொல்றேன், இந்த பிப்ரவரிலயே செஞ்சு பாருங்க. 2023-24ல இருந்து சின்ன உற்பத்தியாளர்கிட்ட சரக்கு வாங்கினாலோ சின்ன ஆளுங்ககிட்ட சர்வீஸ் வாங்கினாலோ எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லன்னா 15 நாளுக்குள்ள காசு குடுத்தாகணும், கெடு தாண்டி மார்ச் 31 அன்னைக்கும் பாக்கி நின்னா அந்தச் செலவை அந்த வருஷம் கழிக்க விடமாட்டாங்க. பாக்கி லெட்ஜரை எடுத்து, உத்யம் சர்டிஃபிகேட் (சிறுதொழில் பதிவு) இருக்கிறவங்களை தனியாப் பிரிச்சு, டிரேடர்ஸ நீக்கிட்டு, பில் தேதி, கெடு தேதி, நிக்கிற தொகைன்னு ஒரு ஷீட் போடுங்க. உங்க ஆடிட்டர் அத வச்சு பார்ட்டிகிட்ட பேசும்போது நீங்களும் கூட உக்காரணும்னு கேளுங்க. சம்பளப் பேச்சை அதுக்கு அடுத்த வாரம் எடுங்க.