சுட்ட மான் கறியை வாங்குமுன் கேட்க வேண்டியது

அம்பாசமுத்திரத்திலிருந்து எட்மண்டன் (கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம்) வந்திருக்கும் தம்பி கேட்கிறார்: கூட வேலை பார்ப்பவர் தான் சுட்ட மான் கறியைச் சும்மா தருகிறாராம், பண்ணைக் கறியைவிடச் சத்தா, வாங்கலாமா? அடுத்த மாசம் சம்சாரமும் கைக்குழந்தையும் வருகிறார்களாம். வாடகை, குளிர்ச்சட்டை பற்றியும் கேட்டிருக்கிறார். அதை யாரும் சொல்வாங்க தம்பி, கறிக்கு வாரேன்.

சத்தை ஒரே விலங்கை வைத்துப் பார்க்கணும். 100 கிராம் பச்சைக் கறியில் பண்ணை முயலுக்குக் கொழுப்பு சுமார் 5.5 கிராம், இரும்பு 1.6 மில்லிகிராம், காட்டு முயலுக்கு 2.3, 3.2. ஓடித் திரியும் தசையில் மயோகுளோபின் (இரும்பு கொண்ட சிவப்புப் புரதம்) கூடுதல். கறி கருஞ்சிவப்பாக இருப்பதும், இரும்பு கூடுவதும் அதனால்தான். மானுக்குக் கொழுப்பு 2.4, இரும்பு 3.4. ஆனால் நம்ம வெள்ளாட்டுக்கும் கொழுப்பு 2.3, இரும்பு 2.8! கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி ஆட்டைத் தின்று வளர்ந்தவருக்கு மான் பெரிய அதிசயமில்லை. இங்கே அரைத்து விற்கும் 20 சதவீதக் கொழுப்பு மாட்டுக்கறியோடு ஒப்பிட்டு, மானைச் சுட்டவர் பெருமைப்படுவது நியாயம். கொழுப்பு குறைந்தால் கொலஸ்டிராலும் குறையும் என்று நினைச்சுராதீங்க, அது குறையாது.

கேட்க வேண்டியது சத்தை அல்ல, குண்டை. ஈயக் குண்டு, அதாவது நஞ்சான காரீயம் (lead), உள்ளே பொடிப்பொடியாகச் சிதறும். கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்கும் தட்டாது. செம்புக் குண்டு என்றால் அந்தப் பயமில்லை. ஈயமென்றால் காயத்தைச் சுற்றி ஒரு சாண் வெட்டி எறிந்திருக்கணும். கழுவினால் போகாது, துகள் பரவத்தான் செய்யும். அரைத்த கறி வேண்டவே வேண்டாம். புளியோ தயிரோ சேர்த்தால் ஈயம் இன்னும் கரைந்து இறங்கும். குழந்தைக்கும், மாசமாக இருப்பவருக்கும் ஈயக் குண்டுக் கறி கூடவே கூடாது.

அடுத்தது நோய். ஆல்பர்ட்டா மான்களிடம் மூளையை அரிக்கும் நோய் (CWD) இருக்கிறது. அதற்குக் காரணம் கிருமியல்ல, உருத்திரிந்த ஒரு புரதம்; வேகவைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணமில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைத் தின்னக்கூடாது என்பதுதான் அறிவுரை. சுட்டவர்கள் மான் தலையைச் சோதனைக்குக் கொடுப்பார்கள், முடிவைக் கேளுங்க. நம்மாளுக சிலர், வந்து பல வருஷமாகியும், 'மூளை, சுவரொட்டி (மண்ணீரல்) இருந்தா தாங்க' என்று கேட்கிறார்கள். ஆட்டுச் சுவரொட்டி வேறு, இது வேறு; நோய் அதிகம் தங்குவது அந்த உறுப்புகளில்தான். எலும்பில்லாத் தொடைக்கறி போதும்.

படம் எடுத்து ஊர்க் குழுவில் போடுவதும் ஒரு வியாதி. இங்கே அனுமதிச்சீட்டோடு சுடலாம், சுட்டதை விற்கக் கூடாது. கடையில் விற்பது பண்ணை மான். நம்ம ஊரில் 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடினாலே ஜெயில். களக்காடு முண்டந்துறைக் காட்டோரம் இருப்பவருக்கு உங்கள் படத்தால் என்ன லாபம்?

சமைக்கையில் வெள்ளைக் கொழுப்பையும் மேல்சவ்வையும் முழுசா உரிங்க. மான் கொழுப்பு மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டும், கவிச்சையும் அதில்தான். தசை நாருக்குக் குறுக்கே வெட்டி, நல்லெண்ணெயைத் தாராளமா ஊற்றி, சின்ன உள்ளி வதக்கி, மிளகு கூட்டி, மூடி, சிறுதீயில் வேகவையுங்க. சொந்தக் கொழுப்பு இல்லாததால் வறட்டினால் ரப்பராகும்.

கரடிக்கறி தந்தால் உறைய வைத்ததை நம்பாதீங்க. அதிலுள்ள புழுவில் குளிர் தாங்கும் வகை உண்டு; உள்பக்கம் 74 டிகிரி எட்டணும்.