அஞ்சு கிளாசும் ஒண்ணா உக்காந்தா கதை சொல்றது எப்படி?

வணக்கம்ங்க, ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளில ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எல்லாப் பிள்ளைங்களுக்கும் சேத்து ஒரு மணி நேரம் கதையும் பாட்டும் நடத்தித் தரச் சொல்லி உங்களக் கேட்டிருக்காங்க, வாத்தியம் எதுவும் தெரியாதுன்னு எழுதிருந்தீங்க. முதல்ல ஹெச்எம் கிட்ட பேசி 1, 2 தனியா, 3 முதல் 5 தனியா பிரிச்சுக் கேளுங்க, சின்னதுங்களுக்கு இருபது நிமிஷம் தாராளம். சத்துணவு முடிஞ்ச உடனே மட்டும் வேணாம், பாதி பிள்ளைங்க தூங்கிரும்.

வாத்தியத்துக்குக் கவலையே படாதீங்க. வில்லுப்பாட்டுல பக்கத்துல இருக்கறவங்க "ஆமா" போடுவாங்கல்ல, அந்த வேலையப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடுங்க, நீங்க ஒரு வரி பாட அவங்க "ஆமா" போட, கதைல மழை வந்தா விரலால தரையத் தட்ட, இடின்னா தொடையத் தட்டன்னு போனா அதுவே போதும். சின்ன வகுப்புங்க 2022ல இருந்தே தமிழ்நாடு அரசோட எண்ணும் எழுத்தும்ங்கற அடிப்படை எழுத்து, கணக்குத் திட்டத்துல பாட்டும் செயல்பாடுமாத்தான் படிக்கிறாங்க, கூச்சமே இருக்காது. அஞ்சாங்கிளாஸ்தான் கொஞ்சம் ஒதுங்கி நிக்கும், அவங்கள்ல ரெண்டு பேர்கிட்ட கஞ்சிராவோ ஒரு பிளாஸ்டிக் குடமோ குடுத்து தாளத்தை ஒப்படைச்சுப் பாருங்க!

அப்புறம் முடிஞ்சதும் அங்கயே உங்க புக்க விக்காதீங்க ப்ளீஸ், காசு இல்லாத பிள்ளைங்க முகம் வாடிப்போயிடும், ஸ்கூல் லைப்ரரிக்கு ரெண்டு காப்பி குடுத்துட்டு வாங்க.