தொப்பை, சாப்பாடு, புராஸ்டேட்: பழனி மலைக்காரர்கள் கேட்டவை

கொடைக்கானல், தாண்டிக்குடி, பூம்பாறை பக்கத்து ஆண்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்குச் சிறுநீரியல் மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

கொடைக்கானல்: டாக்டர், குண்டா இருந்தா புராஸ்டேட் கேன்சர் வருமா? வயசு 52, உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்றுநோயில் மெதுவாக வளர்ந்து ஆயுசுக்கும் தொந்தரவு தராத வகை உண்டு. அதற்கும் எடைக்கும் தெளிவான தொடர்பு இல்லை. சுரப்பியைத் தாண்டிப் பரவும் வகை, உயிரைப் பறிக்கும் வகை, இவைதான் பருமனானவர்களிடம் கூடுதல். உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2014இல் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்டது. முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கும் உடல் கொழுப்புக்கும் உள்ள தொடர்பு வலுவானது என்றது. கூட்டும், குறைக்கும் என்று அதே உறுதியோடு சொல்ல ஒரு உணவுப் பொருள்கூடத் தேறவில்லை.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) உங்களுக்கு 27.6. இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனாலே கூடுதல் எடை, 25ஐத் தொட்டால் பருமன். 70 கிலோவுக்கு இறங்கினால் 25க்குள் வருவீர்கள். முதல் ஆறு மாதத்துக்கு 4 கிலோ போதும்.

இடுப்புச் சுற்றளவையும் எடுங்கள். பேன்ட் சைஸ் 34 என்பது கணக்கில் சேராது, அது தொப்பைக்குக் கீழே நிற்கிற அளவு. ஸ்வெட்டர், பனியன் எல்லாம் கழற்றிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வையுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளவைப் பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம். நம் ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

பண்ணைக்காடு: உயரமானவங்களுக்கும் ஆபத்து கூடவாமே?

கொஞ்சம் கூடுதல்தான். சிறுவயது ஊட்டமும் வளர்ச்சி ஹார்மோன்களும் பின்னணியில் இருக்கின்றன, உயரம் அதன் அடையாளம். இதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

வத்தலக்குண்டு: நான் 96 கிலோ சார். பி.எஸ்.ஏ. 2.8 வந்திருக்கு, லேப்ல நார்மல்னு போட்டிருக்காங்க. நிம்மதியா இருக்கலாமா?

பாதி நிம்மதி. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம், நோய் இருந்தால் அது கூடலாம். எடை கூடும்போது உடலில் ஓடும் ரத்தத்தின் அளவும் கூடும். ஒரே அளவு டிகாக்‌ஷனைப் பெரிய டம்ளரில் கலந்தால் காபி நீர்த்துப்போகிற மாதிரி, சுரப்பி அதே அளவு பி.எஸ்.ஏ. விட்டாலும் ரிப்போர்ட்டில் எண் குறைந்து தெரியும். பருமனானவர்களுக்கு ஆண் ஹார்மோன் குறைவாக இருப்பதும் அந்த எண்ணை இறக்கும். புராஸ்டேட் பெரிதாக இருந்தால் சோதனைக்குச் சதை எடுக்கும் பயாப்சி ஊசி கட்டியைத் தவறவிடவும் கூடும். நோய் தாமதமாகப் பிடிபட இவையெல்லாம் காரணம்.

இதற்காக 2.8ஐ நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பெருக்க வேண்டாம். ஒற்றை எண்ணைவிட அது ஏறுகிற வேகம் முக்கியம். அடுத்த முறையும் அதே லேபில் எடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் விந்து வெளியேறக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது. சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் கழியட்டும், இல்லையென்றால் எண் பொய்யாக ஏறும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு மாத்திரைகள் நேர்மாறு: ஆறு மாதம், ஒரு வருடம் எடுத்தவர்களுக்கு எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். முடி கொட்டுவதற்குச் சாப்பிடுவதும் இதே ஃபினாஸ்டரைடுதான். டாக்டரிடம் சொல்லப் பலர் மறப்பது இந்த மாத்திரையைத்தான்.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் உங்கள் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. அப்படிப்பட்டவர்கள் 45 வயதிலேயே பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

கொடைக்கானல்: சர்க்கரை நோய் இருந்தா இந்தக் கேன்சர் வராதுன்னு சொல்றாங்களே?

பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இது சற்றுக் குறைவாகக் கண்டுபிடிக்கப்படுவது உண்மை. "வராது" என்பது பொய். சர்க்கரையால் கெடும் கண்ணையும் சிறுநீரகத்தையும் விட்டுவிட்டு இதில் லாபம் பார்க்க முடியாது.

தாண்டிக்குடி: எங்க தோட்டத்துக் காபிதான், ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. ஆகுமா?

காபிக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் பகையில்லை. 2016இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை காபியை ஆராய்ந்தபோது புராஸ்டேட்டுக்கு அது ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. சர்க்கரையைக் கவனியுங்கள். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஐந்து டம்ளரில் 50 கிராம், அதாவது 200 கலோரி. பால் கணக்கு தனி.

பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல கொழுப்புதான், ஆனால் 100 கிராம் சதையில் 160 கலோரி. பெரிய பழம் ஒன்றைப் பாலும் சர்க்கரையும் விட்டு அடித்துக் குடித்தால் ஒரு வேளைச் சாப்பாடு ஆயிற்று. பாதிப் பழம் உப்பு, மிளகோடு போதும்.

பூம்பாறை: மலைப்பூண்டு தினமும் ரெண்டு பல் சாப்பிட்டா தடுக்குமா?

2002இல் வெளிவந்த ஷாங்காய் ஆய்வில் பூண்டு, வெங்காயத்தாள் அதிகம் சாப்பிட்ட ஆண்களிடம் நோய் குறைவாக இருந்தது. நோயாளிகளிடமும் மற்றவர்களிடமும் பழைய சாப்பாட்டை நினைவுபடுத்திக் கேட்ட ஆய்வு அது, தடுக்கும் என்று சொல்ல அது போதாது. குழம்பில் தாராளமாகப் போடுங்கள். பூண்டு கேப்ஸ்யூல் சாப்பிடுகிறவர்கள் பயாப்சிக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ரத்தம் நிற்கத் தாமதமாகலாம்.

கொடைக்கானல்: தக்காளி, கேரட், இல்லேன்னா வைட்டமின் மாத்திரை, எது நல்லது?

தக்காளியை 2007இல் ஓரளவு பாதுகாப்பு தருவது என்று மதிப்பிட்ட உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம், 2014இல் முடிவு சொல்லப் போதுமான சான்று இல்லை என்று பின்வாங்கியது. கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் இந்த நோயைக் கூட்டவோ குறைக்கவோ வாய்ப்பில்லை. காய்கறியாகச் சாப்பிட இரண்டும் நல்லவையே.

மாத்திரையில்தான் வில்லங்கம். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வைட்டமின் ஈ புராஸ்டேட் புற்றுநோயைக் குறைத்ததுபோல் தெரிந்தது. பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது. அந்த வைட்டமின் ஈ நம்பிக்கையில் 35,000 பேருக்கு மேல் சேர்த்து 'செலக்ட்' ஆய்வு நடந்தது. தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 17 சதவீதம் அதிகமாக நோய் வந்தது என்று 2011இல் தெரிந்தது. தோலுக்கும் முடிக்கும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பச்சை கேப்ஸ்யூலில் இருப்பதும் இதே 400தான். டாக்டர் எழுதித் தராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

மன்னவனூர்: அப்பாவுக்கு ஆறு மாசமா ஹார்மோன் ஊசி போடுறோம். நோய் அடங்கியிருக்கு, ஆனா தொப்பை போட்டு, கை கால் மெலிஞ்சுட்டார். பால் குடிக்க வேண்டாம்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க.

ஊசி ஆண் ஹார்மோனை அடக்குகிறது. அதனால் தசை கரைந்து கொழுப்பு ஏறும், எலும்பு அடர்த்தி குறையும். பாலும் கால்சியமும் மிக அதிகமானால் நோய் வாய்ப்பு கூடலாம் என்பதற்கான சான்று பலவீனமானது. ஊசி போடுகிறவருக்கு எலும்பு முறிவுதான் கண்ணெதிரே உள்ள ஆபத்து, பாலை நிறுத்தாதீர்கள். சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். அரை லிட்டர் பாலில் சுமார் 600 கிடைக்கும். வைட்டமின் டி, சர்க்கரை, எலும்பு அடர்த்தி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மேட்டில் ஏறி இறங்குவது இதயத்துக்கு நல்லது, தசைக்கு அது மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரட்டும். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை இரு கையிலும் தூக்கி இறக்கட்டும். வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. முதுகெலும்புக்கு நோய் பரவியிருந்தால் மட்டும் அவருடைய டாக்டரைக் கேட்காமல் எடை தூக்க விடாதீர்கள். ஒவ்வொரு வேளையும் முட்டையோ பருப்போ மீனோ தட்டில் இருக்கட்டும். வெறும் கஞ்சி வேண்டாம்.